நலோக்சோன்: ஸ்ப்ரேயா, ஊசியா, வெறும் மூச்சா? லயத்துக்கு எது சரிவரும்

மூச்சு நின்றால் மூளை தாங்குவது நாலு, அஞ்சு நிமிடம். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வாகனம் வரக்கூடிய பாதைக்கு ஒருவரைத் தூக்கி இறக்கவே கால்மணி நேரம் போய்விடும். மழை பெய்து படிக்கட்டு வழுக்கினால் இன்னும் கூட. ஹெரோயின், மோர்பின், மெதடோன், டிரமடோல், கொடீன் போன்ற ஓபியோயிட் மருந்துகள் அளவு மிஞ்சி ஒருவர் விழுந்து கிடக்கும்போது இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இடையில் இருக்கிற நேரத்தை எதை வைத்துச் சமாளிப்பது?

வழி மூன்று இருக்கிறது. கையில் மருந்தே இல்லாமல் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, அம்புலன்ஸ் வரும்வரை தாக்குப்பிடிப்பது ஒன்று. ஓபியோயிட்டை முறிக்கிற மருந்தான நலோக்சோனை ஊசியாகப் போடுவது இன்னொன்று. அதையே மூக்கில் ஸ்ப்ரேயாக அடிப்பது மூன்றாவது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூச்சு ஊதத் தெரிந்தவர் இல்லாத வீட்டில் எந்த நலோக்சோனும் அரைப்பயன்தான். அதைப் பழகிக்கொண்ட பிறகு, சாதாரண வீட்டுக்கு ஸ்ப்ரே, டிஸ்பென்சரிக்கும் கை பழகினவருக்கும் ஊசி. ஸ்ப்ரே கிடைக்காவிட்டால் வீட்டுக்கும் ஊசியே. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

நலோக்சோன் புது மருந்து அல்ல. 1961இல் காப்புரிமை பதிவானது. 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1983இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தில் ஓபியோயிட் போய் உட்கார்ந்துகொள்கிறது. நலோக்சோன் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஓபியோயிட் இல்லாத உடம்புக்குள் போனால் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. அதனால்தான் 2014இல் உலக சுகாதார நிறுவனம், அளவு மிஞ்சியவரைப் பக்கத்தில் இருந்து பார்க்க நேரக்கூடிய குடும்பத்தார், கூட்டாளிகள் கையிலும் இது இருக்க வேண்டும், போடுகிற முறையை அவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஓபியோயிட் மிஞ்சியதுதானா என்று பார்ப்பது

பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். தோளை உலுக்குங்கள். அசைவில்லை என்றால் விரல்மொளிகளை நெஞ்செலும்பின் நடுவில் வைத்து அழுத்தித் தேயுங்கள். நித்திரையில் இருப்பவரும் வெறியில் இருப்பவரும் அந்த வலிக்கு முகத்தைச் சுளிப்பார்கள், கையைத் தட்டிவிடுவார்கள். எதுவும் இல்லை என்றால் சட்டையைத் தூக்கி நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். பத்து விநாடிக்குள் ஒரு மூச்சுகூட வராவிட்டால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், ஊதத் தொடங்குங்கள். வருகிறது என்றால் அரை நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடத்துக்கு நாலு மூச்சோ அதற்குக் குறைவோ என்றால் அது ஆபத்து.

சத்தத்தில்தான் வீட்டார் அதிகம் ஏமாறுகிறார்கள். "நல்லா குறட்டை விட்டு நித்திரை கொள்றான், விடுங்க" என்று போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். குறட்டை ஒழுங்காக வரும், ஆளைப் புரட்டினால் நிற்கும். ஓபியோயிட் மிஞ்சியவரிடம் வருவது ஈரமான கொறகொறப்பு. தண்ணீர் குறைந்த குழாய் இழுப்பதுபோல் விட்டுவிட்டு வரும், இடையில் நீண்ட மௌனம் இருக்கும். எங்கள் தோல் நிறத்தில் முகம் நீலமாவது தெரியாது. கீழ் உதட்டைப் புரட்டி உட்பக்கத்தையும் முரசையும் பாருங்கள், நகத்தடியைப் பாருங்கள். சாம்பல் பூத்திருந்தால் ஒட்சிசன் இல்லை. மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும், ஃபோன் டோர்ச்சைப் பிடித்துப் பாருங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஒக்சிமீட்டர் வீட்டில் இருந்தாலும் அதை நம்பி நேரம் கடத்தாதீர்கள். குளிரில் விறைத்த விரலில் அது எண்ணைக் காட்டாது, இல்லையென்றால் பிழையாகக் காட்டும்.

கண்மணி கடுகளவு சுருங்கியிருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மலையகத்தில் இந்த அடையாளம் தனியாக நின்றால் ஏமாற்றிவிடும். நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் அடிக்கிற சில பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினாலும் கண்மணி இதே மாதிரிச் சுருங்கும். வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. பூச்சிமருந்து என்றால் வாயில் நுரையும் எச்சிலும் ஒழுகும், கண்ணீர் வழியும், உடம்பு வேர்த்துக் கொட்டும், தசை துடிக்கும், உடுப்பில் மருந்து வாடை வீசும். ஹெரோயினிலும் மோர்பினிலும் ஆள் உலர்ந்து, அடங்கிக் கிடப்பார். பூச்சிமருந்துக்கு நலோக்சோன் எடுபடாது. அதற்கு ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஏற்ற வேண்டும். அப்படிப்பட்டவருக்கு வெறும் வாயை வைத்து ஊதுவதும் ஊதுகிறவருக்கு ஆபத்து. சந்தேகம் இருந்தால் கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியின் நச்சுத் தகவல் நிலையத்தை 011 2686143 இல் கேட்கலாம். ஆனால் முதல் அழைப்பு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கே போக வேண்டும்.

கசிப்பு, நித்திரைக் குளிசை, ஐஸ் போதைப்பொருள், சீனி இறங்கிய நீரிழிவுக்காரர், பூட்டிய காம்பராவுக்குள் குளிருக்கு மூட்டிய கரிச்சட்டிப் புகை: இவை எதற்கும் நலோக்சோன் மருந்தல்ல. கரிப்புகை என்றால் முதலில் ஆளை வெளியே இழுங்கள். மற்றபடி எது என்று பிரித்தறிய முடியவில்லை, மூச்சு மட்டும் குறைந்திருக்கிறது என்றால் நலோக்சோனைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததால் கெடுவது ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஹெரோயினோடு சாராயமோ டயஸெபாம் போன்ற நித்திரைக் குளிசையோ சேர்ந்தேதான் இருக்கும். அதில் ஓபியோயிட் பங்கை மட்டும் அது எடுத்துவிடும்.

மருந்தில்லாத வழி: மூச்சு

இதற்குக் காசில்லை, சீட்டு வேண்டாம், காலாவதி இல்லை. என்ன குடித்தார், என்ன இழுத்தார் என்று தெரியாவிட்டாலும் வேலை செய்யும். ஓபியோயிட்டில் இதயம் முதலில் நிற்பதில்லை, மூச்சு நிற்கிறது, அதன் பின்னால்தான் இதயம் போகிறது. அந்த இடைவெளியில் காற்றைக் கொடுத்தால் ஆள் பிழைப்பார்.

கட்டிலில் செய்யாதீர்கள், அது தொய்யும். தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சீமெந்துத் தரை குளிரும் என்றால் கம்பளியை விரியுங்கள், தலையணை மட்டும் கூடாது. தலையணை தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தொண்டையை அடைத்துவிடும். வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்தில் வெற்றிலை ஒதுக்கியிருந்தால் விரலால் வழித்தெடுங்கள். கட்டுப்பல் கழன்றிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு கையை நெற்றியில் வைத்து, மறுகை விரலால் தாடை எலும்பைத் தூக்கி, தலையைப் பின்னால் சாயுங்கள். சிலருக்கு இதைச் செய்ததுமே மூச்சு இழுக்கும், நாக்கு விலகுவதால்.

மூக்கைப் பொத்துங்கள். வாயால் வாயை முழுக்க மூடி, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு மட்டும் ஒரு விநாடி ஊதுங்கள். முதலில் இரண்டு, பிறகு ஐந்து விநாடிக்கு ஒன்று. நெஞ்சு எழும்பவில்லை என்றால் பலமாக ஊதுவது வழியல்ல, தலையை இன்னொரு தடவை சாய்த்துப் பாருங்கள். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போகும், வயிறு உப்பி வாந்தி மேலே வரும். வந்துவிட்டால் உடனே பக்கவாட்டில் புரட்டி, துணியால் வழித்து, திரும்பவும் தொடருங்கள். மெல்லிய கைக்குட்டையைப் போட்டு ஊதலாம். டிஸ்பென்சரிகளில் ஒரு வழி வால்வு உள்ள முகமூடி ஒன்று வாங்கி வைப்பது நல்ல செலவு. நாடி இல்லை, உடம்பு உயிரற்று இருக்கிறது என்றால் நெஞ்சை அழுத்த வேண்டும். நெஞ்சின் நடுவில் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு.

இதன் குறை களைப்புதான். ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் நாற்பது நிமிடத்துக்கு 480 மூச்சு. தனியாள் அரைவழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். அவரே அம்புலன்சுக்கும் கூப்பிட்டு, அதற்கு வழியும் காட்ட முடியாது. இரண்டு பேர் மாறி மாறி ஊதினால் அந்த நேரத்தைக் கடத்தலாம். நுவரெலியா நகரமே கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பில் கிடைப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதனால் தாமதம் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

ஊதுவதற்குப் பதிலாக வழக்கமாக நடப்பது வேறு: தலையில் பச்சைத் தண்ணீர், வாயில் தேசிக்காய்ச் சாறு, புளித்தண்ணி, உப்புத்தண்ணி, இரண்டு பேர் தோளில் கைபோட்டு நடக்க வைப்பது, கன்னத்தில் அறைவது. விழுங்கத் தெம்பில்லாதவர் வாயில் ஊற்றிய சாறு நேரே நுரையீரலுக்குள் போகிறது. மலைக்குளிரில் நனைந்த உடம்பு சூட்டை இழக்கிறது. கூடியிருப்பவர்கள் அன்பினால்தான் இதெல்லாம் செய்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் மூச்சுக்குப் போயிருக்க வேண்டியது.

ஊசி

இலங்கை ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் நலோக்சோன் என்றால் கண்ணாடி அம்பியூல்தான்: 1 மில்லிலீற்றர், அதில் 0.4 மில்லிகிராம். வீட்டில் வைக்க வேண்டுமென்றால் டொக்டர் சீட்டு எழுதித் தர வேண்டும், போடும் முறையை ஒரு தாதியிடமோ தோட்டத்து டிஸ்பென்சரிடமோ நேரில் பழக வேண்டும். தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சால் தோடம்பழத்தில் பத்துத் தடவை குத்திப் பழகினாலே கை நடுக்கம் பாதி போய்விடும்.

பெட்டிக்குள் இருக்க வேண்டியது: அம்பியூல் குறைந்தது மூன்று, 2 அல்லது 3 மில்லிலீற்றர் சிரிஞ்ச் மூன்று, 23 கேஜ் நீல நிற ஊசி ஒரு அங்குல நீளத்தில், கொஞ்சம் பஞ்சுத்துணி, கையுறை, ஒரு மார்க்கர் பேனை. நசுங்காத டொஃபி டின் போதும்.

அம்பியூலை நிமிர்த்திப் பிடித்து தலையில் விரலால் சுண்டுங்கள், மேலே ஒட்டியிருக்கும் மருந்து கீழே இறங்கும். கழுத்தில் ஒரு புள்ளியோ வளையமோ இருக்கும். புள்ளி உங்களைப் பார்க்கும்படி பிடித்து, துணியைச் சுற்றி, தலையை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஒரே வீச்சில் உடையுங்கள். மெதுவாக நெரித்தால்தான் சில்லாகி விரலை வெட்டும். ஊசியை உள்ளே விட்டு, அம்பியூலைச் சரித்து, முழு மருந்தையும் இழுங்கள். சிறிய காற்றுக்குமிழியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தசைக்குள் போகிற ஊசியில் அது தீங்கு செய்யாது, அதை வெளியேற்றப் போய் பாதி மருந்தைத் தரையில் பீய்ச்சியடிப்பதுதான் நட்டம். தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத்தில், நேர்குத்தாக முழு ஊசியும் உள்ளே போகும்படி குத்தி அழுத்துங்கள். சாரத்துக்கு மேலாலும் காற்சட்டைக்கு மேலாலும் குத்தலாம். ஆனால் கம்பளி, ஜம்பர், காற்சட்டை என்று மூன்று அடுக்கு இருந்தால் ஒரு அங்குல ஊசி தசைக்குப் போய்ச் சேராது, மேலடுக்கை விலக்குங்கள்.

நரம்பைத் தேடாதீர்கள். அது ஆஸ்பத்திரி வேலை.

இனி மூச்சு ஊதிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். மாற்றமில்லை என்றால் அடுத்த தொடையில் இரண்டாவது, அதன் பிறகு மூன்றாவது. ஆள் எழும்பி உட்கார வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூச்சு நிமிடத்துக்குப் பத்தைத் தாண்டி, உதட்டில் நிறம் திரும்பினால் போதும், அதற்கு மேல் மருந்து தேவையில்லை. நித்திரைக் குளிசையும் சேர்ந்திருந்தால் மூச்சு நன்றாக வந்தும் ஆள் தூங்கிக்கொண்டே இருப்பார். எழும்பவில்லை என்று ஊசியை அடுக்கிக்கொண்டே போவது இந்த இடத்தில் நடக்கும் பிழை.

நீரிழிவுக்காரர் வீட்டில் இருக்கிற இன்சுலின் சிரிஞ்சால் போடலாமா? அதன் ஊசி குட்டை, மருந்து தோலுக்கடியில்தான் நிற்கும், ஏறுவது மெதுவாகும். வேறு எதுவும் இல்லாதபோது அதுவும் பயன்தான், திட்டமிட்டு வாங்கி வைக்க மட்டும் ஏற்றதல்ல. போட்ட ஊசிக்கு மூடி போடாமல் தடித்த பிளாஸ்டிக் போத்தலுக்குள் போட்டு மூடுங்கள். கானுக்குள் எறிந்தால் நாளைக்கு அது ஒரு பிள்ளையின் காலில் ஏறும்.

விலை குறைவு, அளவைச் சிறிதுசிறிதாக ஏற்றலாம் என்பதால் ஆள் முரட்டுத்தனமாக எழும்ப மாட்டார்: ஊசியின் பலம் இது. இருட்டு, விறைத்த விரல், அழுது கத்துகிற தாய், சிரிஞ்ச் உறை கிழியாமல் அடம்பிடிப்பது: பலவீனம் இது. டிஸ்பென்சரி மேசையில் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை, லயத்து இஸ்தோப்பில் மூன்று நிமிடம் இழுக்கும்.

ஸ்ப்ரே

ஒரே துண்டாக வரும், உள்ளங்கைக்குள் அடங்கும். உலகத்தில் அதிகம் புழங்குவது 4 மில்லிகிராம். அது அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்று, 2023இலிருந்து சீட்டில்லாமல் கடையில் விற்கிறது. ஐரோப்பாவில் 1.8 மில்லிகிராமிலும் உண்டு. ஸ்ப்ரேயை நம்பித் திட்டம் போடுவதற்கு முன் டொக்டரிடமும் பாமசியிலும் கேட்டுவிடுங்கள், கையில் வந்த பிறகுதான் அது ஒரு தெரிவு.

உறையைப் பிரித்து, கட்டைவிரலை அடியிலும் இரண்டு விரல்களை மூக்கு முனையின் இருபக்கமும் வைத்துப் பிடியுங்கள். தலையைச் சாய்த்து, விரல்கள் மூக்கைத் தொடும் வரைக்கும் முனையை உள்ளே விட்டு, ஒரே அழுத்து. சோதித்துப் பார்க்க ஒரு தடவை காற்றில் அடிக்கவே கூடாது, உள்ளே இருப்பது ஒரேயொரு வேளை. ஒரு மில்லிலீற்றரில் பத்தில் ஒரு பங்குத் துளி, அது காற்றில் போனால் போனதுதான். ஆஸ்துமா பம்பைக் குலுக்கி அடித்துப் பழகியவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லாவிட்டால் புதிய ஸ்ப்ரேயை மற்ற மூக்கில் அடியுங்கள்.

எது வேகம்? ஒரே அளவு மருந்தை வைத்து ஒப்பிட்டால் ஊசிதான். சிட்னியில் மேற்பார்வையின் கீழ் போதைமருந்து ஏற்றும் நிலையம் ஒன்றில், 0.8 மில்லிகிராமை மூக்கிலும் தசையிலும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. மூக்கில் பெற்றவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு இன்னொரு வேளை தேவைப்பட்டது. ஊசி பெற்றவர்களில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் கடையில் வரும் ஸ்ப்ரே 0.8 அல்ல, 4 மில்லிகிராம். மூக்கில் பாதி வீணானாலும் இரத்தத்தில் சேர்வது 0.4 ஊசியைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆகவே "ஸ்ப்ரே வலுவில்லாதது" என்பது பிழை. அதன் தொல்லை எதிர்த்திசையில் இருக்கிறது: ஹெரோயினுக்குப் பழகிய உடம்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே அடியில் பிடுங்கிவிடும். ஆள் வாந்தியோடும் நடுக்கத்தோடும் கோபத்தோடும் எழும்புவார். இன்னும் பெரிய 8 மில்லிகிராம் ஸ்ப்ரேயை நியூயோர்க் மாநிலப் பொலிசார் பயன்படுத்திப் பார்த்த கணக்கு 2024இல் வெளியானது. பிழைத்தவர்கள் விகிதத்தில் 4க்கும் 8க்கும் வித்தியாசமே இல்லை. வாந்தி போன்ற விலகல் அறிகுறிகள் (போதைமருந்து திடீரென அற்றுப்போவதால் வரும் தொல்லைகள்) மட்டும் 19 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாக ஏறின. பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

சளி கட்டிய மூக்கிலும் இரத்தம் வழியும் மூக்கிலும் ஸ்ப்ரே சரியாக ஏறாது. பனிக்காலத்தில் பாதிப்பேருக்கு மூக்கடைப்பு இருக்கிற ஊரில் இதைச் சின்ன விஷயமாக எடுக்க முடியாது, முதலில் மூக்கைத் துடைத்துவிடுங்கள். இருந்தாலும் பதறுகிற கைக்கு ஏற்றது இதுதான். உடைக்க, இழுக்க, குத்த ஒன்றுமில்லை, ஊசி குத்திக்கொள்ளும் பயமில்லை. படிக்காத பாட்டிக்கும் பன்னிரண்டு வயதுப் பேத்திக்கும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இரண்டையும் கலந்து ஒரு குறுக்குவழி தேடுகிறவர்கள் உண்டு: அம்பியூல் மருந்தை சிரிஞ்சால் மூக்கில் விடுவது. 0.4 மில்லிகிராம் அம்பியூலுக்கு இது சரிவராது. மூக்கால் போதிய அளவு ஏற 2 மில்லிகிராமாவது வேண்டும், அதற்கு ஐந்து அம்பியூல், ஐந்து மில்லிலீற்றர் திரவம். அது மூக்கில் நிற்காமல் தொண்டைக்குள் ஒழுகும். வாயில் ஊற்றினால் அதைவிட வீண், குடலால் போன நலோக்சோனை ஈரல் அழித்துவிடும். அம்பியூல் இருந்தால் தொடையில் குத்துங்கள்.

1990ஆ, ஓட்டோவா

1990 சுவசெரிய 2016இல் தொடங்கிய இலவச அம்புலன்ஸ். ஃபோனில் சொல்ல வேண்டியது மூன்று: ஆள் மூச்சு விடவில்லை, தோட்டமும் டிவிசனும் லய இலக்கமும், வாகனம் எந்தச் சந்தி வரை வரலாம். 'குடு' (ஹெரோயின்) என்ற சொல்லை ஃபோனில் சொல்லப் பயந்தால் சொல்ல வேண்டாம், மூச்சு இல்லை என்பதே போதும். வந்தவர்களிடம் மட்டும் மறைக்காதீர்கள். 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருப்பதற்கு மரணதண்டனை வரைக்கும் இடமுள்ள நாட்டில் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு "தெளியும், தெளியும்" என்று பார்த்திருந்ததில்தான் உயிர் போகிறது. அழைத்ததும் ஒருவர் டோர்ச்சோடு சந்திக்கு இறங்கி நிற்க வேண்டும்.

ஓட்டோ பக்கத்திலேயே நின்றாலும், மூச்சு விடாத ஆளை அதில் ஏற்றாதீர்கள். பின் ஆசனத்தில் படுக்க வைக்க இடமில்லை. உட்கார வைத்தால் வளைவுக்கு வளைவு தலை முன்னால் விழும், தொண்டை மூடிக்கொள்ளும், ஊத முடியாது. டிக்கோயா ஆஸ்பத்திரியோ நாவலப்பிட்டியோ பதுளையோ எவ்வளவு பக்கமாக இருந்தாலும் அந்தப் பயணம் மூச்சில்லாத பயணம். முதலில் தரையில் மூச்சைத் திருப்புங்கள். திரும்பிய பிறகு, அம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால், வேனிலோ தோட்டத்து லொறியிலோ பக்கவாட்டில் படுக்க வைத்து, தலைமாட்டில் ஒருவர் இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டு, 1990க்குச் சொல்லிவிட்டுப் பாதையில் எதிர்கொள்ளலாம்.

எந்த வீட்டுக்கு எது

குடு பாவிப்பவர் இருக்கும் வீடு என்றால் ஸ்ப்ரே இரண்டு, கிடைக்காவிட்டால் அம்பியூல் பெட்டி. அதிகக் கவனம் வேண்டிய நாட்கள் சிறையிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ வந்த முதல் வாரங்கள். நிறுத்தியிருந்த காலத்தில் உடம்பின் பழக்கம் இறங்கிவிடுகிறது, பழைய அளவை எடுத்தால் அதுவே மிஞ்சிய அளவு. கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வந்த பிள்ளை, இங்கே கொஞ்ச நாள் இல்லாமல் இருந்துவிட்டு, திரும்பிப் போனதும் எடுப்பதும் இதே கணக்குத்தான். நம் நாட்டில் பெரும்பாலும் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையாக இழுப்பதால் "ஊசி ஏற்றவில்லையே, ஒன்றும் ஆகாது" என்று இருந்துவிடுகிறார்கள். மேலே சாராயமும் குளிசையும் சேர்ந்தால் புகையிலும் மூச்சு அடங்கும். தனியாக எடுப்பவருக்கு எந்த மருந்தும் உதவாது, அதைப் போட இன்னொருவர் வேண்டும்.

புற்றுநோய்க்கு மோர்பின் குளிசை எடுப்பவர் இருக்கும் வீடு வேறு. அங்கே ஊசிதான் சரி, அதுவும் அந்த நோயாளியின் டொக்டரிடம் எப்போது போடுவது என்று பேசி வைத்த பிறகு. 4 மில்லிகிராம் ஸ்ப்ரே வலியை எல்லாம் ஒரேயடியாகத் திருப்பிக் கொண்டுவந்துவிடும், அந்த வேதனையைப் பார்க்கவே முடியாது. கூப்பிட்டால் கண்விழிக்கிறார், மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்றால் அது மயக்கம் மட்டுமே. அதற்கு நலோக்சோன் வேண்டாம். அதே வீட்டில் சின்னப்பிள்ளை ஆச்சியின் குளிசையை விழுங்கி மூச்சு குறைந்தால் தயங்கவே கூடாது. முழு 0.4 அம்பியூலையும் போடலாம், ஸ்ப்ரே மட்டும் இருந்தால் அதையும் அடிக்கலாம். பிள்ளைக்கு ஊதும்போது கன்னம் நிறைந்த காற்று மட்டும் போதும்.

டிஸ்பென்சரிக்கு அம்பியூல் பத்து, வாயால் ஊதுவதற்குப் பதில் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பை ஒன்று. ஓட்டோ நிறுத்தத்தில் பெட்டி வைக்க நினைக்கிற தலைவர்மார் அதை ஓட்டோவுக்குள் வைக்காமல் பக்கத்துக் கடையில் வைக்கட்டும். இரண்டு வகையையும் சாதாரண அறைச் சூட்டில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். மலைக்குளிர் அதைக் கெடுக்காது. வெயிலில் நிற்கும் ஓட்டோவின் கண்ணாடிக்குப் பின்னால் ஏறும் சூடும் அடுப்புக்கு மேல் பரணில் ஏறும் சூடும்தான் கெடுக்கும். காலாவதித் திகதியைப் பெட்டி மூடியில் பெரிதாக எழுதுங்கள். திகதி கடந்ததுதான் கையில் இருக்கிறது என்றால், ஒன்றுமில்லாததைவிட அது மேல், போடுங்கள்.

மூச்சு திரும்பிய பிறகு

நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம் வரை நிற்கும். ஹெரோயின் அதைத் தாண்டியும் உடம்பில் இருக்கலாம். மெதடோனும் மெதுவாகக் கரையும் மோர்பின் குளிசையும் பல மணி நேரம் இருக்கும். எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தவர் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப அடங்கிப்போவது இதனால்தான். குறைந்தது இரண்டு மணி நேரம் கண்ணெடுக்காமல் பாருங்கள். மெதடோன், நீண்டநேரக் குளிசை என்றால் அன்றிரவு ஆஸ்பத்திரியில்தான். இடப்பக்கம் சரித்து, மேல் முழங்காலை மடக்கி, மேல் கையைக் கன்னத்துக்கு அண்டக் கொடுத்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் வெளியே போகும். கம்பளியால் மூடுங்கள், முகத்தை மூடாதீர்கள்.

எழும்பியவர் திட்டுவார், ஓடப் பார்ப்பார். உடம்பு நோவுக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கத் துடிப்பார். நலோக்சோன் இருக்கும்வரை எடுப்பது அவருக்கு ஏறாது, இறங்கியதும் இரண்டும் சேர்ந்து அடிக்கும். அதட்டாமல், "நீ மூச்சு விடல்லப்பா, மருந்து போட்டோம், கொஞ்ச நேரத்துல இந்த நோவு போயிரும், எங்கயும் போகாத" என்று தெரிந்த குரலில் ஒருவர் மட்டும் பேசட்டும். நிறுத்த வேண்டும் என்று அவரே வாய் திறந்தால் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசகர்கள் பேசுவார்கள். அது அன்றிரவுக்குரிய பேச்சல்ல, அவர் தெளிந்த பிறகு.

போட்ட நேரத்தையும் எத்தனை என்பதையும் மார்க்கரால் அவர் முன்கையிலேயே எழுதுங்கள்: "0.4, 9.10, 0.4, 9.14" என்று. வெற்று அம்பியூலையும், பக்கத்தில் கிடந்த குளிசை அட்டையையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு அம்புலன்ஸ்காரரிடம் கையிலேயே கொடுங்கள். அடுத்த ஊசி எப்போது, எவ்வளவு என்று ஆஸ்பத்திரியில் முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.